எங்கள் வீட்டு மைக் செட்

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்கு எதிரே இப்போது ஒரு மைக் ஸ்டாண்ட் நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிடுகிறார்கள். "யார் பாடுவாங்க?" என்று கேட்கிறார்கள். "இன்னிக்கு நீங்கதான்" என்று சொல்லி உட்கார வைக்கிறேன். முதலில் வெட்கப்படுவார்கள், அப்புறம் இருமிக் குரலைச் சரிசெய்வார்கள், காபி வருவதற்குள் ஒரு பல்லவி பாடியிருப்பார்கள். எட்டு மாதமாக இதே கதைதான். இந்த எட்டு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல! அதை எல்லோரிடமும் சொல்லியே ஆகவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஆரம்பம் அவ்வளவு நன்றாக இல்லை. போன தீபாவளிக்கு மகள் தன் போனில் பாடும் ஆப் ஒன்றைப் போட்டு, வீட்டில் இருந்த புளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்தாள். பாட்டுக் கேட்க அருமையான ஸ்பீக்கர். பாட ஆரம்பித்ததும் ஒவ்வொருவருக்காகத் தாளம் தப்பியது. என் கணவர் கல்லூரி நாட்களில் லைட் மியூசிக் மேடை ஏறியவர். அவரே இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டு, "என் குரல் எனக்குப் பின்னாடியே ஓடி வருது" என்றார். என் மாமியார் ஒரு வரி பாடிவிட்டு, "எனக்குக் குரலே போயிடுச்சும்மா" என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகத் தைத்தது. காய் நறுக்கும்போது அவர் முணுமுணுப்பதைப் பதினெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குரல் எங்கேயும் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

காரணத்தைத் தேடினேன். போன் மைக்கில் பாடி, அந்தக் குரல் புளூடூத் வழியாக ஸ்பீக்கருக்குப் போய் வெளியே வர, சாதாரணமாக 100 முதல் 200 மில்லி செகண்ட் ஆகிவிடுகிறது. 200 என்பது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. கேட்கச் சின்னதாக இருக்கிறது, இல்லையா? ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அப்படிப் பார்த்தால் 200 மில்லி செகண்ட் தாமதம் என்பது கிட்டத்தட்ட 69 மீட்டர் தள்ளி ஸ்பீக்கரை வைத்ததற்குச் சமம். வாசலில் நின்று நான் பாடுகிறேன், தெருமுனையில் ஒலிக்கும் என் குரலைக் கேட்டுத் தாளம் பிடிக்கிறேன். யாரால் முடியும்? தன் குரலையே இந்த அளவு தாமதமாகக் கேட்டால் நன்றாகப் பேசுகிறவருக்கும் நாக்குத் திக்கும். அத்தையின் குரலில் ஒரு குறையும் இல்லை. குரல் திரும்பி வந்த வழியில்தான் குறை.

அன்றைக்கே ஒன்றைத் தீர்மானித்தேன். எங்கள் வீட்டில் குரல் ஒயரில்தான் போகவேண்டும், பாடிய கணமே காதுக்குத் திரும்பவேண்டும். இசை எப்படி வேண்டுமானாலும் வரட்டும், புளூடூத்தில்கூட வரட்டும். இசை தாமதமாக வந்தாலும் அதைக் கேட்டுத்தானே பாடுகிறோம்! குரல் மட்டும் காத்திருக்கக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை சென்னை மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போனோம். ஆள் உயரத்துக்குப் பார்ட்டி ஸ்பீக்கர்கள் கலர் விளக்கோடு கண்ணைப் பறித்தன. அதில் ஒன்றைக் காட்டி விலை கேட்டேன். கடைக்காரர் பெரியவர், சவுண்ட் சர்வீஸ் நடத்திவிட்டுக் கடை வைத்தவராம். "மேடம், ஸ்பீக்கரைக் கடைசியா பார்ப்போம். பாடப் போறது யாரு?" என்று கேட்டார். "வீட்ல எல்லாரும்." "அப்போ மைக்ல ஆரம்பிங்க. மைக் எடுக்காததை எந்த ஸ்பீக்கரும் குடுக்காது." அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மேஜைமேல் மூன்று மைக் வைத்தார். முதலாவது, டப்பா கரோக்கி செட்டோடு சும்மா வரும் ரகம். எடையே இல்லை. குரல் டின்னுக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. இரண்டாவது கண்டென்சர் மைக். 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால்தான் அது விழிக்கும். விழித்ததும் என் மூச்சு, கடையின் மின்விசிறி, தெருவில் போன ஆட்டோவின் ஹாரன் என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டது. அமைதியான அறையில் உட்கார்ந்து பதிவு செய்ய அதைப்போல் வேறில்லை. ஸ்பீக்கர் எதிரே ஒலிக்கும் ஹாலுக்கு அது சரிப்படாது.

மூன்றாவது ஷூர் எஸ்எம் 58.

கையில் வாங்கியதும் தெரிந்துவிட்டது. 298 கிராம் எடை, உள்ளங்கையில் அழகாக உட்கார்கிறது. கருஞ்சாம்பல் உடம்பு, மேலே வலைப்பின்னல் போட்ட இரும்புக் குண்டு, அதன் உட்புறம் வாய்க்காற்றைத் தாங்கப் பஞ்சு. 1966-இல் வந்த மைக் இது. அறுபது வருடமாக உலகத்தின் மேடைகளெல்லாம் பார்த்த அதே வடிவம் இன்றும் கடையில் கிடைக்கிறது. மற்ற இரண்டிலும் பாடிய அதே வரியை இதில் பாடினேன். 'ல', 'ள', 'ழ' மூன்றும் தனித்தனியாக வந்து நின்றன! மெய்யெழுத்துகள் துலங்கும் உயர் அலைவரிசையில் இந்த மைக் குரலைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. தமிழ்ப் பாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் உச்சரிப்பை நானே முதல்முறை கேட்டதுபோல் இருந்தது.

இதன் இன்னொரு மாயம் தூரம். உதட்டிலிருந்து இரண்டு விரற்கடையில் பிடித்தால் குரலின் அடிப்பகுதி கனக்கிறது. மெல்லிய குரலும் பட்டுப்போல் மடியில் வந்து உட்காரும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் அந்தக் கனம் கரைந்து குரல் லேசாகிறது. மேலே போகும்போது மேடைப் பாடகர்கள் மைக்கைச் சற்று விலக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை நானே செய்து பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. வலைக் குண்டைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது என்பதையும் பெரியவர் காட்டினார். பொத்தினால் பின்பக்க ஒலித் துளைகள் அடைபட்டு மைக் எல்லாத் திசையிலும் காது கொடுக்கத் தொடங்கும், உடனே ஊளையிடும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். இந்த மைக்குக்குப் போலிகள் ஏராளம். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். அந்த விலை முடியாது என்றாலும் கவலை இல்லை. 1940-லிருந்து இருக்கும் நம்மூர் அஹூஜாவின் ஒயர் மைக், கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் கேட்டு வளர்ந்த அதே பெயர், வீட்டு ஹாலை நன்றாகவே தாங்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஸ்விட்ச் வைத்த மைக்காகப் பாருங்கள். ஒயர்லெஸ்தான் வேண்டும் என்றால் யுஎச்எஃப் ரகம் நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரகம் வீட்டு வைஃபையோடு அதே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும்.

அடுத்து மிக்ஸர். எனக்கு இதன்மேல் காதலே வந்துவிட்டது! நான் வாங்கியது யமஹாவின் எம்ஜி06எக்ஸ். ஏறக்குறைய ஒரு நோட்டுப் புத்தக அளவுதான். இரண்டு மைக் போடலாம், போனையோ லேப்டாப்பையோ செருகலாம், எக்கோவும் ரிவெர்பும் உள்ளேயே இருக்கின்றன. இந்தச் சின்னப் பெட்டி வந்த பிறகுதான் எங்கள் ஹாலில் நடப்பது பாட்டு ஆனது. குரலும் இசையும் தனித்தனி வாசல் வழியாக உள்ளே வருகின்றன. எக்கோவைக் குரலுக்கு மட்டும் போடலாம். டப்பா செட்களில் பலவற்றில் எல்லாமே சேர்ந்து கிணற்றுக்குள் விழுந்ததுபோல் கேட்கும். இங்கே தபேலா தபேலாவாக இருக்கிறது, குரலைச் சுற்றி மட்டும் ஒரு பெரிய மண்டபம் எழும்புகிறது.

நான் வைக்கும் முறை இது. முதலில் கெயின் திருகு. பாடுகிறவரை அவர் பாடப்போகும் உச்ச வரியைப் பாடச் சொல்வேன். பீக் என்று எழுதிய குட்டி விளக்கு சிவப்பாகக் கண்சிமிட்டும் இடம் வரை திருகி, அங்கிருந்து கொஞ்சம் பின்னால் கொண்டுவருவேன். பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைத் தடுக்கும் பொத்தானை அமுக்குவேன். கை மாறும்போது வரும் 'டொம்', மின்விசிறிக் காற்று, 'ப' சொல்லும்போது அடிக்கும் ஊது எல்லாம் அடங்கிவிடும். அதன் பிறகு குரலை இசைக்கு ஒரு படி மேலே வைப்பேன். எக்கோ கடைசியில். எக்கோ கேட்கிறது என்று தோன்றினால் அது அதிகம். எடுத்தால் குரல் வெறுமையாகத் தெரியவேண்டும், இருக்கும்போது கவனத்துக்கு வரக்கூடாது. அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்த இரவு நான் தூங்கவே இல்லை.

ஸ்பீக்கருக்கு வருவோம். எட்டு அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது. எங்கள் ஹால் பதினான்குக்குப் பத்தடி. அதற்கு இது தாராளம். வீட்டில் இருக்கும் ஹோம் தியேட்டரிலேயே பாடலாமே என்று பலர் கேட்கிறார்கள். பதிவு செய்த பாட்டில் சத்தத்தின் ஏற்ற இறக்கம் ஏற்கெனவே சமன் செய்யப்பட்டிருக்கும். நேரடிக் குரல் அப்படி இல்லை, திடீரென்று எகிறும், மைக் கீழே விழுந்தால் வெடிக்கும். அதைத் தாங்கச் செய்தவை இந்த மேடை ஸ்பீக்கர்கள். ஹோம் தியேட்டரில் உச்ச ஒலியைத் தரும் மென்மையான ட்வீட்டர்கள் பாவம்.

இவற்றை எங்கே வைப்பது என்பதில்தான் நான் துள்ளிக் குதித்த கண்டுபிடிப்பு இருக்கிறது. மேடையில் ஜனங்களுக்கான ஸ்பீக்கர் பொதுவாகப் பாடகருக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து இருக்கும். அதனால் நானும் முதலில் ஸ்பீக்கர்களைச் சோபா பக்கம் திருப்பி, எனக்குப் பின்னால் எதுவும் வராமல் பார்த்துக்கொண்டேன். பாடும்போது சரியாகக் கேட்கவில்லை. பிறகுதான் புரிந்தது. வீட்டில் வரிகளைப் படிக்க டிவியைப் பார்த்தபடி நிற்கிறோம். மைக்கின் முகம் நம் வாயைப் பார்க்கிறது, முதுகு டிவியைப் பார்க்கிறது. எங்கள் ஷூர் மைக் முன்னால் உள்ளதைக் கேட்கும், முதுகுப் பக்கம் மிகக் குறைவாகவே காது கொடுக்கும். அப்படியென்றால் ஸ்பீக்கர்களை டிவியின் இரண்டு பக்கமும், நம்மைப் பார்த்தே வைக்கலாம்! வைத்தோம், ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டில். மூன்று மீட்டர் தூரம், குரல் காதுக்கு வர 9 மில்லி செகண்ட். ஊளையே இல்லை, குரல் நேராக நெஞ்சில் வந்து மோதுகிறது. இடையிசை வரும்போது மட்டும் மைக்கைத் தொங்கவிட்டு அதன் முகத்தை ஸ்பீக்கர் பக்கம் காட்டாமல் இருந்தால் போதும்.

சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் குரலைத் திருப்பித் திருப்பி அடிக்கும் என்பதால், தரையில் பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்தேன், ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டேன். கைதட்டிப் பார்த்தால் முன்பு 'டங்' என்று வந்தது இப்போது 'டப்' என்று நிற்கிறது. செலவில் பத்தில் ஒரு பங்கு, பலனோ பாதி.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் கேபிள் குரலை இரண்டு கம்பியில் ஒன்றுக்கொன்று எதிராக அனுப்பி, வழியில் சேரும் இரைச்சலைக் கடைசியில் கழித்துவிடுகிறது. எங்கள் வீட்டில் முதல் நாள் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வந்தது. டிவி ஒரு பிளக்கிலும் மிக்ஸர் வேறொரு பிளக்கிலும் இருந்ததால் எர்த் வழியே வந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் அது. எல்லாவற்றையும் எர்த் சரியாக உள்ள ஒரே பாயின்ட்டுக்குக் கொண்டுவந்தோம். சட்டென்று நின்றது. அந்த அமைதியே ஒரு பாட்டுபோல் இருந்தது.

கருவிகள் தயார். இனி சுருதிக் கட்டை. கரோக்கி டிராக் பெரும்பாலும் அசல் பாடகரின் சுருதியிலேயே இருக்கும். சினிமாவில் பாடியவர்களின் உச்சம் நம் எல்லோருக்கும் எட்டாது. டிராக்கின் சுருதியை அரை அரைக் கட்டையாக ஏற்றி இறக்கும் வசதி உள்ள ஆப்கள் இருக்கின்றன. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்! நான் முதலில் இறக்கியது அத்தைக்காக. 'உயர்ந்த மனிதன்' படத்தில் பி.சுசீலா பாடி, பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருதைப் பெற்ற பாட்டு. 1968-இல் படம் வந்தபோது அத்தைக்குப் பதினோரு வயது. டிராக்கை ஒன்றரைக் கட்டை இறக்கினேன். "அத்தை, ஒரே ஒரு தடவை" என்று கையில் மைக்கைக் கொடுத்தேன். "எனக்கெதுக்கும்மா" என்றபடியே வாங்கினார். மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். எக்கோவைக் கால்வாசிக்குக் கொண்டுவந்தேன்.

பாடினார். முதல் வரியின் முடிவில் தன் குரலைக் கேட்டு ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு வார்த்தை இல்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். டிவியில் ஓடிய வரிகளை அவர் பார்க்கவே இல்லை. சரணம் இரண்டும் மனப்பாடம். சின்ன அசைவு, சின்ன இழைப்பு எல்லாம் அப்படியே விழுந்தன. முடிந்ததும் கணவர் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "இவ்வளவு நாளா எங்கம்மா வச்சிருந்தே?" என்றார். அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "இன்னொரு தடவை போடறியா?"

கரோக்கியின் பிறப்பிலேயே இந்தக் கட்டை விஷயம் இருக்கிறது. ஜப்பானில் கோபே நகரத்து மதுக்கூடங்களில் பாடுகிறவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் தைசுகே இனோவுவே. அவர் வாசிப்பில் பாடிப் பழகிய ஒரு கம்பெனி முதலாளி வெளியூருக்குத் துணைக்குக் கூப்பிட, இவரால் போக முடியவில்லை. அந்த மனிதரின் குரலுக்கு ஏற்றபடி வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். 1971-இல் மைக், ஆம்ப்ளிஃபயர், காசுப் பெட்டி, கார் ஸ்டீரியோ எல்லாம் சேர்த்து இயந்திரமே செய்தார். காப்புரிமை வாங்கவில்லை, உலகம் பாடத் தொடங்கிவிட்டது. பாடுகிறவரின் குரலுக்கு இசையைப் பொருத்துவதுதான் அவர் செய்த முதல் காரியம். எங்கள் அத்தைக்கு நான் செய்ததும் அதேதான்.

அக்கம்பக்கத்தையும் மறக்கவில்லை. ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது பத்து மணிக்குத் தொடங்குகிறது. நாங்கள் ஒன்பதரைக்கே நிறுத்திவிடுவோம். அதற்குமேல் ஆசை வந்தால் மிக்ஸரில் ஹெட்ஃபோன். மாடி வீட்டு அம்மா புகார் சொல்லத்தான் வருகிறார் என்று ஒருநாள் நினைத்தேன். அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

மொத்தம் எங்களுக்கு ஆனது சுமார் 45,000 ரூபாய். அதில் பாதிக்குமேல் மைக்குக்கும் மிக்ஸருக்கும் போனது. ஒரு ரூபாய்கூட வீண் என்று தோன்றவில்லை. கையில் அவ்வளவு இல்லை என்றால் படிப்படியாகச் செய்யுங்கள். நல்ல ஒயர் மைக் முதலில், எக்கோ உள்ள சின்ன மிக்ஸர் அடுத்து, ஒரே ஒரு பவர்டு ஸ்பீக்கர் அதன் பிறகு. இரண்டாவது ஸ்பீக்கர் அடுத்த போனஸுக்குக் காத்திருக்கட்டும். கலர் விளக்கு எரியும் பெட்டியிலிருந்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள். கடைக்குப் போகும்போது வீட்டில் பாடுகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவரையே பாடவைத்து, அவர் முகத்தைப் பார்த்து மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.